நம்ம சொந்தங்கள், மும்பை

கவிதா, காலை 6:52
யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு எலும்பு துருத்தும் இடத்தில் பத்து நாளாக வலி. பாப்பாவைத் தூக்கினால் உயிர் போகிறது. இன்று தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை.

சுந்தர் மாமா, 7:05
சுளுக்காக இருக்கும் கண்ணு. முறிவெண்ணெய் தடவி நன்றாக உருவிவிட்டால் போய்விடும். மாதுங்கா மார்க்கெட் பக்கம்தான் போகிறேன், வாங்கி அனுப்பட்டுமா?

கவிதா, 7:06
எங்கேயும் விழவில்லை, இடிக்கவும் இல்லை மாமா.

மீனா, 7:20
மாமா, தயவுசெய்து உருவ வேண்டாம். எங்கள் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் அழுத்தி உருவி, வீக்கத்தைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.
கவிதா, விரல் மரத்துப்போகிறதா? அந்த இடம் சிவந்து சுடுகிறதா? காய்ச்சல்?

கவிதா, 7:24
அதெல்லாம் இல்லை அக்கா. லேசான வீக்கம். அசைத்தால் உள்ளே ஏதோ மாட்டுவதுபோல இருக்கிறது.

மீனா, 7:26
கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடு. அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய். ஒரே ஒரு முறை போதும். வலது கையிலும் செய்து பார்.

கவிதா, 7:29
அய்யோ. வலது கையில் லேசாக இழுத்தது, அவ்வளவுதான். இடது கையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மீனா, 7:48
நினைத்தேன். டாக்டர் ஒரு தடவை பார்த்து உறுதி செய்யட்டும், ஆனால் இது டி குவெர்வேன் என்கிற மணிக்கட்டு நோய் போலத்தான் இருக்கிறது. 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது.
கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் இரண்டு தசைநாண்கள் உண்டு. மணிக்கட்டில் இரண்டும் ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. பாவாடை நாடா மடிப்புக்குள் ஓடுகிற மாதிரி. உறை தடித்துவிட்டால் நாடா சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு இழுப்புக்கும் வலிக்கும். கைக்குழந்தை இருக்கிற அம்மாக்களுக்கு அடிக்கடி வருவது இது. அக்குளில் கை கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்குகிறோம் அல்லவா, அந்தப் பிடிதான் காரணம்.
இனி அப்படித் தூக்காதே. ஒரு உள்ளங்கை பாப்பாவின் அடியில், இன்னொன்று கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே. விரல்கள் சேர்ந்தே இருக்கட்டும். முதலில் உன் உடம்போடு அணைத்துக்கொண்டு, பிறகு எழுந்திரு. பால் கொடுக்கும்போது மணிக்கட்டை மடக்கித் தலையைத் தாங்காதே, தலையணை தாங்கட்டும்.

சரோஜா அம்மா, 7:55
மருந்து ஒன்றும் வேண்டாமா மீனா?

மீனா, 8:03
முதலில் ஸ்ப்ளின்ட் பெரியம்மா, அதாவது கை அசையாமல் பிடிக்கிற பட்டை. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிப்பதாக இருக்க வேண்டும், வெறும் மணிக்கட்டுப் பட்டை உதவாது. நான்கு முதல் ஆறு வாரம் போடச் சொல்வார்கள். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பால் கொடுப்பதால் மாத்திரையோ ஜெல்லோ டாக்டரைக் கேட்டுத்தான். ஜெல் தடவிய கையைப் பாப்பா வாயில் வைக்க விடக்கூடாது.

லலிதா அத்தை, 8:15
எனக்கு இது வந்து ஊசி வரை போனது கவிதா. ஆரம்பத்தில் ஒருவர் கையைப் பிடித்துச் சொடக்கு எடுத்துவிட்டார், அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அப்புறம் எலும்பு டாக்டர் அந்த உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். இரண்டு வாரத்தில் தோசை மாவு கரைக்க முடிந்தது. ஆனால் சில நாள் சர்க்கரை ஏறியது, ஊசி போட்ட இடத்தில் தோலும் வெளுத்தது. முன்பே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன், அதனால் சொல்கிறேன்.

மீனா, 8:19
ஆமாம் அத்தை, அந்த ஊசி பெரும்பாலோருக்குக் கேட்கும். அதற்கும் அடங்காவிட்டால் உறையைத் திறந்துவிடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்வார்கள். கவிதாவுக்கு அவ்வளவு தூரம் போகாமல் பார்த்துக்கொள்வோம்.
பிரபு, படித்தீர்களா? ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிவிட்டு அவளே துணி பிழிந்தால் ஒரு பயனும் இல்லை.

பிரபு, 8:31
படித்தேன் அக்கா. பத்து நாளாக அவள் சொல்லவே இல்லை, எனக்கு வருத்தமாக இருக்கிறது. துணி, பாப்பா குளியல் இரண்டும் இனி என்னுடையது. ராத்திரி தொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஆபீஸ் முடிந்து வரும்போது சயனில் இறங்கி ஸ்ப்ளின்ட் வாங்கிவிடுகிறேன்.

மீனா, 8:33
இடது கைக்கென்று கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள்.

சரோஜா அம்மா, 8:40
நான் பதினோரு மணிக்குச் செம்பூர் வந்துவிடுவேன். அதுவரை பாப்பாவைத் தூக்காதே, பாயில் போட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பால் கொடு.

கவிதா, 8:44
சரி அம்மா. மாமா, முறிவெண்ணெய் வேண்டாம். முடிந்தால் மார்க்கெட்டிலிருந்து நறுக்கின காய் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

சுந்தர் மாமா, 8:46
பீன்ஸும் பூசணியும் அனுப்புகிறேன் கண்ணு. கையை ஆட்டாதே.