தோள், முழங்கை ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு – மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

தோட்ட டிரஸர் (எஸ்டேட் மருத்துவ உதவியாளர், ஓய்வு):
செம்பனைக் குலை அறுப்பவர்களுக்குத் தோள் கெடுவதில் ஆச்சரியமில்லை. அரிவாள் கட்டிய நீளக் கழியை அண்ணாந்து பிடித்து நாள் முழுக்க இழுக்கிற வேலை. இவர்களை ஸ்பெஷலிஸ்ட் பார்க்கும்போது முதலில் ஸ்கேன் கேட்பதில்லை, சட்டையைக் கழற்றத்தான் சொல்வார். தோள்பட்டை எலும்பின் மேல் சதை குழிவிழுந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்ப்பார். அதனால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுப் போங்கள்.

அடுத்து நீங்களே கையைத் தூக்க வேண்டும். பிறகு அதே கையை அவர் தூக்கிப் பார்ப்பார். பாதி விடை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கிடைத்துவிடும். உங்களால் முடியாமல் அவர் தூக்கினால் மட்டும் கை மேலே போனால், தசைநார் கிழிந்திருக்கலாம். அவர் தூக்கியும் போகவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை என்றால் உறைந்த தோளாக (மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போவது) இருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது சர்வ சாதாரணம். குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் மேற்கை எலும்பின் தலைக்கும் மேல் கூரை எலும்புக்கும் இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால், எக்ஸ்ரேயை வைத்தே பெரிய, பழைய கிழிவைச் சந்தேகிப்பார்கள்.

விழுந்த அன்றிலிருந்து கை தூக்க வரவில்லையா? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) அப்படியே, தேதியோடு சொல்லி, கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் அறுந்த நார் உள்ளே சுருங்கிப் போகும், தசை கொழுப்பாக மாறும். அப்படி மாறிய தசையைத் தைத்தும் பழைய பலம் வராது.

பிசியோ, ஈப்போ:
டிரஸர் அண்ணன் சொன்னதோடு ஊசி விஷயத்தையும் சேர்க்கணும். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும். இன்சுலின் போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி, வீட்டில் அடிக்கடி குத்திப் பார்க்கணும்.

தசைநார் தைத்தவர்களுக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் கைத்தொட்டில். அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் தினமும் பல தடவை அசைக்கணும், இல்லாவிட்டால் அவையும் இறுகிவிடும். சட்டை போடும்போது ஆபரேஷன் செய்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். அக்குள் கழுவ முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டாலே போதும், தூக்க வேண்டாம். படுக்கும்போது முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்து, முழங்கைக்குக் கீழே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாம் மாதத்துக்குப் பிறகுதான். வலி போய்விடும், ஆள் கேஸ் சிலிண்டரைத் தூக்கிவிடுவார். நார் எலும்போடு ஒட்டி முடிக்கும் முன்பே வலி போய்விடுகிறது, அதுதான் சிக்கல். பலப்படுத்தும் பயிற்சி ஏறக்குறைய 12 வாரத்துக்கு அப்புறம். கழி பிடிக்கிற வேலைக்கு ஆறு மாதமாவது ஆகும். கிழிவு பெரிதென்றால் இன்னும் தள்ளிப்போகும். தேதியை டாக்டர்தான் சொல்லணும், மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) இல்லை.

எலும்பு வார்டு நர்ஸ்:
முழங்கையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கு வெளிப்பக்க மொட்டு எலும்பில் வலி வரும். முழங்கைக்கான பட்டியை வலிக்கிற இடத்தின் மேலேயே கட்டுகிறார்கள், அது தப்பு. இரண்டு விரல் கீழே, முன்கைச் சதையின் மேல் கட்டணும். வாளி தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். ஊசி போட்டால் சில வாரம் சுகம்தான், ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பயிற்சிதான் நிற்கும்.

அடிபட்ட முழங்கையை மட்டும் யாரிடமும் நீவிவிடக் கொடுக்காதீர்கள். சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

பிள்ளை ரம்புத்தான் மரத்திலிருந்து கையூன்றி விழுந்து முழங்கை வீங்கினால், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதைப் போல ஆபத்தானது வேறில்லை. வலி ஏறிக்கொண்டே போகிறதா, விரலை நீட்டினால் கத்துகிறானா, கை வெளுத்துச் சில்லிடுகிறதா? உடனே கட்டைத் தளர்த்தி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் ஓடாத தசை சில மணி நேரத்தில் செத்துப்போகும், அதன் பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிடும். நாளைக் காலை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

தொழிற்சங்கத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பப் பாரம் எழுதுகிறவர்:
முதல் நாள் டாக்டரிடம் "தோள் வலி" என்று மட்டும் சொன்னால் கார்டில் அதுதான் ஏறும். "குலை அறுக்கும்போது, இத்தனை மணிக்கு, இப்படி இழுத்தபோது" என்று சொல்லுங்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கணும், பாரம் 34. எம்.சி. (மருத்துவ விடுப்பு) நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால்தான் தற்காலிக ஊனப் பணம், தினச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தங்கிப் பயிற்சி எடுக்கலாம், கேட்டு வாங்க வேண்டும். எம்.சி. தாளையும் எக்ஸ்ரே அறிக்கையையும் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள்.