மறுமொழி: ஃபைபர் சாச்சுரேஷன் பாயின்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மரம் காய்வது பற்றிய என் கட்டுரைக்காக, ஃபைபர் சாச்சுரேஷன் பாயின்ட் என்பதற்குத் தமிழில் நான் கேட்டது ஒரு சொல். மூன்று நாளில் பதினோரு மடல் வந்துவிட்டது. எந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி மடல் மிச்சமாகியிருக்கும். தவறு என்னுடையதுதான்.

ஸ்வீடனின் வடக்கே ஷெலெஃப்டியோ என்று ஓர் ஊர். 2021இல் திறந்த சாரா பண்பாட்டு மையம் என்கிற உயரமான மரக்கட்டடம் அங்கேதான் இருக்கிறது. லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மர ஆய்வுப் பிரிவும் அதே ஊரில். மருத்துவ சிடி ஸ்கேனரில் ஆளைப் படுக்கவைக்கும் இடத்தில் பைன் பலகையை வைத்து, அது காயக் காயப் படம் எடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அதைப் பற்றி எழுதும்போது இப்படி ஒரு வாக்கியம் வந்தது: 'பலகையின் மேல்தோல் அந்த அளவுக்குக் கீழே போய்ச் சுருங்கப் பார்க்கிறது, உள்பக்கம் இன்னும் அந்த அளவுக்கு மேலே இருப்பதால் விடமாட்டேன் என்கிறது, மேலே வெடிப்பு விழுகிறது.' அந்த 'அந்த அளவு'க்குத்தான் சொல் தேடுகிறேன்.

என் பெரியப்பா தச்சர். பச்சை மரம் அறுத்து அடுக்கி வைத்த இடத்தில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி வத்திருச்சு, ஈரம் இன்னும் இருக்கு" என்பார். சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. தண்ணீரும் ஈரமும் வேறா என்ன? கொடியில் போட்ட வேட்டியைப் பாருங்கள். சொட்டு நின்றுவிடும், தொட்டால் ஈரம் இருக்கும். மரமும் அப்படித்தான். மரத்தின் செல் ஒரு மெல்லிய குழல். குழலின் உள்ளே நிற்கிற நீர் முதலில் போகிறது. எடை குறையும், பலகையின் அளவு மாறாது. அது தீர்ந்த பிறகுதான் குழலின் சுவரில் ஊறியிருப்பது வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் பலகை சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கு அமெரிக்க வனத்துறையில் இருந்த ஹாரி டீமன் 1906இல் வைத்த பெயர்தான் ஃபைபர் சாச்சுரேஷன் பாயின்ட். பெரும்பாலான மரங்களுக்கு அது, உலர்ந்த மரத்தின் எடையில் 30 விழுக்காட்டை ஒட்டி வரும்.

சரி, இனி உங்கள் மடல்கள்.

> ஈரப்பதம் என்ற நல்ல சொல் இருக்கிறதே. 'உச்ச ஈரப்பதம்' என்றால் போதாதா?

ஐயா, இது உச்சம் இல்லை. அப்போதுதான் வெட்டிய பைனின் வெளிறுப் பகுதியில் (பட்டையை ஒட்டிய வெளிமரத்தில்) ஈரம் 100 விழுக்காட்டையே தாண்டும். மரக்காரர்கள் நீரின் எடையை, அடுப்பில் 103 பாகை செல்சியஸில் முழுக்க உலர்த்திய மரத்தின் எடையால் வகுக்கிறார்கள். நம் நெல் கொள்முதல் நிலையத்தில் சொல்கிற 17 விழுக்காடு அப்படியில்லை. அங்கே வகுப்பது ஈர நெல்லின் மொத்த எடையால். அதே நெல்லை மரக்கணக்கில் போட்டால் 20.5 வரும். காற்றின் ஈரப்பதம் வேறொரு கணக்கு. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ஓட்டினோம் என்றுதான் தெரியவில்லை. கட்டுரையில் மரத்துக்கு மட்டும் 'ஈர அளவு' என்று போட்டு, எதால் வகுத்தது என்பதையும் முதல் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

> நார்த் தெவிட்டு நிலை. நேரடி மொழிபெயர்ப்பு, குழப்பம் இல்லை.

அக்கா, வேதியியல் வகுப்பில் தெவிட்டிய கரைசல் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் இலங்கைப் பாடநூலில் அது நிரம்பிய கரைசல். அது போகட்டும், எனக்குப் பெரிய தொல்லை 'நார்'தான். என் கட்டுரையில் மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையும் வருகிறது. அதை நார்ப்பலகை என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரியிலேயே நார்த் தெவிட்டு நிலை என்றால், அந்தப் பலகைக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று என்றுதான் வாசகர் நினைப்பார். பிறகு, நார் என்றதும் நமக்கு வாழைநாரும் கயிறும்தான் கண்முன் வரும். செல்லின் சுவர் வராது.

> எக்ஸ்ரேயில் குழல் நீர் ஒரு நிறமாகவும் சுவர் நீர் வேறு நிறமாகவும் தெரியும் அல்லவா? படத்தில் தெரிவதை வைத்தே பெயரிடலாமே.

தம்பி, யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் எக்ஸ்ரேக்கு அந்தப் பிரிவினை தெரியாது. மரமும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்; நீரும் அதே எளிய தனிமங்கள்தான். கிராமுக்குக் கிராம் இரண்டும் கதிரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மறைக்கும். ஆகவே படத்தில் விழுவது நீர் இல்லை, அடர்த்தி. அதனால் ஈரமாக இருக்கும்போது ஒரு படம், உலர்த்திய பின் ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பார்கள். இங்கேதான் வேடிக்கை. உலர்ந்த துண்டு சுருங்கியிருக்குமே! அப்படியே கழித்தால் ஆண்டு வளையம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு கறுப்புக் கோடும் ஜோடியாக வந்து நிற்கும். இல்லாத ஈரம் அது. உலர்ந்த படத்தைக் கணினியில் இழுத்து நீட்டி, வளையத்தின் மேல் வளையம் பொருத்திய பிறகே கழிக்க வேண்டும்.

மருத்துவ ஸ்கேனரில் தனிக் குழல் தெரியாது. பைன் குழலின் அகலமே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். மிக நுண்ணிய அளவில் படம் எடுக்கும் மைக்ரோ சிடியில் நீர் நிரம்பிய குழலையும் காலிக் குழலையும் பிரித்துப் பார்க்கலாம். அங்கேயும் சுவரில் ஊறியது தனியாகத் தெரியாது. சுவர் தடித்திருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

> 'புள்ளி'யை விடாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே.

ஆங்கிலத்தில் இருக்கிற அந்தப் 'புள்ளி'யிலேயே எனக்குத் தயக்கம். சுருக்கத்தை வைத்து அளந்தால் 30ஐ ஒட்டி வருகிற இந்த எண், வேறு சில முறைகளில் அளந்தால் 40 பக்கம் போகிறது. குழல் முழுக்கக் காலியான பிறகுதான் சுவர் காயத் தொடங்கும் என்பதும் ஒழுங்குபடுத்திச் சொன்ன கதைதான். ஒரே பலகைக்குள் இரண்டும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஊசிமுனை மாதிரி ஒரு புள்ளி அங்கே இல்லை.

இப்போது என் முன்மொழிவு. பெரியப்பா ஏற்கெனவே பிரித்துக் கொடுத்துவிட்டார்: குழலில் நிற்பது நீர், சுவரில் ஊறியது ஈரம். 'குழல்நீர்', 'சுவரீரம்'. சுவரால் இனி வாங்க முடியாது என்கிற எல்லை 'சுவரீர வரம்பு'.

ஏன் வரம்பு? கலைச்சொல்லை அகராதியில் வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும்; வாக்கியத்தில் போட்டு வேற்றுமை உருபு ஏற்றிப் பார்க்க வேண்டும். 'தெவிட்டு நிலைக்குக் கீழே' நொண்டுகிறது. 'மேல்தோல் சுவரீர வரம்புக்குக் கீழே போய்விட்டது, உள்பக்கம் வரம்புக்கு மேலேயே நிற்கிறது' என்பது தடுக்காமல் ஓடுகிறது. யாழ்ப்பாணத்து அண்ணா இதற்குச் சண்டைக்கு வரமாட்டார் என்று நம்புகிறேன். உங்கள் பக்கம் வயல் வரப்பையே வரம்பு என்றுதானே சொல்வீர்கள்?

ஒரு குறை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். கட்டுமானக் கட்டுரையில் 'சுவரீரம்' என்றால் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியதாக ஒருவர் படித்துவிடலாம். முதல் முறை வரும் இடத்தில் 'செல்சுவர் ஈரம்' என்று விரித்து எழுதினால் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். இதைவிட நல்ல வழி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; சனிக்கிழமை காலை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

ஹிஸ்டெரிசிஸ் (காயும்போதும் மறுபடி ஈரம் ஏறும்போதும் மரத்தின் ஈர அளவு வேறுபடுவது) பற்றிக் கேட்டவருக்குத் தனி இழையில் எழுதுகிறேன். அதற்கு இன்னொரு பதினோரு மடல் ஆகும்.