பழைய திருவிழா மலர் ஃபைலை யூனிகோடுக்கு மாத்தலாமா வேணாமா?

கித்தாக்காடு: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் மலர் எல்லாம் 2001ல இருந்து திஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு ஃபாண்ட்ல டைப் பண்ணி வச்சிருக்கு. இப்ப பென்டிரைவ்ல திறந்தா "தமிழ்"னு வரவேண்டிய எடத்துல முக்கால் பின்னக்குறி, தலையில கோடு போட்ட ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூன்னு நாலு கிறுக்கல்தான் வருது. எல்லாத்தையும் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாத்திட்டு பழசை அழிச்சிடலாம்னு கமிட்டில சொன்னேன், ஒருத்தர் ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?

பழைய கிராணி: அந்த ஒருத்தர் நான்தான் தம்பி. ஃபாண்ட் போட்டா ஒழுங்கா தெரியும், அப்புறம் என்ன லா? திஸ்கில "தமிழ்" நாலே பைட்டு, ழ்-க்கே தனி எடம் இருக்கு. உங்க யூனிகோட்ல த, ம, கொக்கி, ழ, புள்ளினு அஞ்சு துண்டு, அதை ஃபைல்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல துண்டுக்கு 3 பைட்டு, ஆக 15. இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் எழுத்துக்கு ஒண்ணு. எஸ்எம்எஸ் பாரு, ஒரு மெசேஜுக்கு அவனுக்கு 160 குறி, நமக்கு 70. எழுத்துக்கு எண் குடுக்க 1988ல இந்தியாவுல போட்ட இஸ்கி அட்டவணையை பாத்து நமக்கு 128 எடம் ஒதுக்கிட்டாங்க, 247 எழுத்துக்கு எடமில்லையாம், சீன எழுத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கு!

லயத்துப்பொண்ணு: அண்ணே, 100 பக்க மலர், பக்கத்துக்கு 2000 குறின்னு வச்சாக்கூட 600 கேபிதான் வரும், ஹேண்ட்ஃபோன்ல எடுக்கிற ஒரு படமே அதைவிட பெருசு. விஷயம் அது இல்ல. அந்த ஃபைல்ல "தமிழ்"ங்கற எடத்துல இருக்கறது வெறும் 190, 193, 162, 250ங்கற நாலு எண்தான். 190 திஸ்கில த, மேற்கு ஐரோப்பிய அட்டவணைல முக்கால், இன்னொரு தமிழ் ஃபாண்ட்ல வேற ஏதோ. எந்த அட்டவணைனு ஃபைலுக்குள்ள எங்கயும் எழுதியிருக்காது, தோட்டத்து பேரு போடாம லயத்து வீட்டு நம்பர் மட்டும் எழுதின கடிதாசி மாதிரி. யூனிகோட்ல 2980ன்னா த, ஜப்பான்ல திறந்தாலும் அதேதான்.

பழைய கிராணி: அப்படி ஒழுங்குன்னா "கோ"வை ஏன் ரெண்டு விதமா எழுத விட்டான்? க-வும் ஒரு குறியும் போட்டாலும் கோ, கொம்பு தனியா கால் தனியா போட்டாலும் கோ. கண்ணுக்கு ஒண்ணு, தேடினா கிடைக்காது. இதுக்குத்தான் 2010ல தமிழ்நாட்டு அரசு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் குடுக்கற டேஸ்16 குறியீட்டையும் தரமா அறிவிச்சுது, அதுல கோ-வுக்கு ஒரே எண்.

லயத்துப்பொண்ணு: ரெண்டும் சமம்னு யூனிகோடே விதி போட்டிருக்கு, தேடறதுக்கு முன்னாடி ஒரே வடிவத்துக்கு கொண்டு வரணும், அதைச் செய்யாதது சாஃப்ட்வேர் எழுதினவன் சோம்பேறித்தனம். டேஸ்16 உக்காந்திருக்கறது யூனிகோட்ல யார் வேணா எதை வேணா வச்சுக்கலாம்னு விட்ட தனிப்பயன் எடத்துல. அதுக்குனு ஃபாண்ட் இல்லாத ஹேண்ட்ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்க, வரிசையா கட்டம்தான் வரும். மறுபடி ஃபாண்ட் தேடி அலையணும், அந்த தொல்லைக்குத்தானே மாத்தவே சொல்றோம்.

கித்தாக்காடு: சண்டைக்கு நடுவுல ஒரு மலரை கன்வெர்ட்டர்ல போட்டேன். நல்லா வந்துச்சு, ஆனா நன்கொடை பட்டியல்ல கௌரின்னு தேடினா ஒருத்தரும் இல்ல, கண்ணால பாத்தா மூணு பேரு இருக்காங்க.

லயத்துப்பொண்ணு: டைப் பண்ணவங்க ஔகாரக் குறிக்கு பதிலா ள போட்டிருப்பாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும். கன்வெர்ட்டர் உள்ளதை உள்ளபடி மாத்தும், கெளரிதான் வரும். யூனிகோட்லயே இப்பவும் அப்படித்தான் பாதி பேர் அடிக்கிறாங்க.

பழைய கிராணி: அதான் பழசை அழிக்காதேன்றேன். 50 வெள்ளி குடுத்தவங்க பேரு மாறிப்போச்சுன்னா அந்த வீட்டு சனம் கோயில் வாசல்லயே நிக்கும், எதை வச்சு சரிபாப்ப? மூல ஃபைலும் ஃபாண்ட்டும் அப்படியே இருக்கணும்.

லயத்துப்பொண்ணு: வச்சுக்குங்கண்ணே, யாரு வேணாம்னா. ஆனா அடுத்த வருஷ மலரையும் திஸ்கில அடிச்சீங்கன்னா நான் ப்ரூஃப் பாக்க வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.