நான்கு கோப்பை வாங்கிய அணி

குழு: பாம்பன் வீட்டார்

மேரி அத்தை: ரோஸ், விடுமுறையிலும் ஜெனி ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் பந்து விளையாடப் போகிறாளாமே. முகமெல்லாம் கறுத்துவிட்டது.

ரோஸ்: ஆமாம் மதினி. விடியுமுன் கிளம்பினால் மதியச் சோற்றுக்குத்தான் வருகிறாள்.

மேரி அத்தை: கூடைப்பந்து நெட்டையர்களின் ஆட்டமாயிற்றே. இவள் நம் வீட்டு உயரம்தானே?

ஜெனி: நான் ஐந்தடி நான்கு அங்குலம் அத்தை. ஹூஸ்டன் காமெட்ஸ் அணியின் கிம் பெரோ ஐந்தடி ஐந்து அங்குலம்தான். ஓர் அங்குலத்தைத் தள்ளுபடி செய்யக்கூடாதா?

அருள் சித்தப்பா: ஹூஸ்டன் என்றால் எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஊர்தானே?

ஜெனி: அதேதான் சித்தப்பா. அமெரிக்காவில் பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ தொடர் 1997இல் தொடங்கியது. முதல் நான்கு ஆண்டும் கோப்பை காமெட்ஸுக்கே. சிந்தியா கூப்பர் 34 வயதில் வந்து சேர்ந்தார். உள்ளூரில் அணி இல்லாததால் அதுவரை ஸ்பெயின், இத்தாலி என்று ஆடிக்கொண்டிருந்தவர். நான்கு இறுதிச் சுற்றிலும் சிறந்த வீராங்கனை அவர்தான்!

ஸ்டெல்லா: ஷெரில் ஸ்வூப்ஸை விட்டுவிட்டாயே. 1997 ஜூனில் பிள்ளை பெற்றவர், ஆறு வாரத்தில் ஆட வந்துவிட்டார். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் எனக்கே மலைப்பாக இருக்கிறது.

மேரி அத்தை: ஆறு வாரமா! பால்சுறாப் புட்டு செய்து கொடுக்க அங்கே யாரும் இல்லையா?

அருள் சித்தப்பா: அந்தக் கிம் இப்போது என்ன செய்கிறார்?

ஜெனி: 1999 ஆகஸ்டில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். வயது 32. அடுத்த மாதமே இறுதிச் சுற்று, எதிரே நியூயார்க். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் கோப்பை; முதல் ஆட்டம் காமெட்ஸுக்கு. இரண்டாம் ஆட்டத்தில் கடைசி நொடிகளில் காமெட்ஸ் இரண்டு புள்ளி முன்னிலை. ஜெயித்தாயிற்று என்று மேலிருந்து காகிதத் துகள்களைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நியூயார்க்கின் தெரசா வெதர்ஸ்பூன் பாதி ஆடுகளத்துக்கு அப்பாலிருந்து எறிந்தார். பந்து நேரே வளையத்துக்குள். அவ்வளவு தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி. 68–67 என்று நியூயார்க் ஜெயித்துவிட்டது.

ரோஸ்: ஐயோ பாவம்.

ஜெனி: மறுநாள் மூன்றாம் ஆட்டத்தில் காமெட்ஸ் ஜெயித்தது அம்மா. கிம்மின் 10ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தரவில்லை.

அருள் சித்தப்பா: சரி, இந்த ஆண்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்கள்?

ஸ்டெல்லா: அணியே இல்லை சித்தப்பா. 2008இல் கலைத்துவிட்டார்கள்.

அருள் சித்தப்பா: நான்கு கோப்பை வாங்கிய அணியையா?

ஸ்டெல்லா: பழைய உரிமையாளர் 2007இல் மரச்சாமான் வியாபாரி ஒருவருக்கு விற்றார். அவரும் அடுத்த ஆண்டே கைகழுவினார். அதன்பின் வாங்க ஆள் வரவில்லை. மிஞ்சிய வீராங்கனைகளை மற்ற அணிகள் பிரித்து எடுத்துக்கொண்டன.

அருள் சித்தப்பா: நல்ல படகு, டீசல் போட முதலாளி இல்லை என்று சொல். இதற்குத்தான் அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன், விளையாட்டை மட்டும் நம்பக்கூடாது என்று.

ஜெனி: நான் எங்கே அமெரிக்கா போகிறேன் என்றேன்? நம் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து 2017இல் ஆசியக் கோப்பை பி பிரிவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ.

மேரி அத்தை: ரயில்வேயா? மத்திய அரசு வேலையா?

ஸ்டெல்லா: அத்தைக்கு இப்போதுதான் ஆட்டம் புரிகிறது.

மேரி அத்தை: சும்மா இரு ஸ்டெல்லா. ரோஸ், பிள்ளைக்கு நாளையிலிருந்து காலையில் இரண்டு முட்டை அவித்துக் கொடு. வெறும் வயிற்றோடு அனுப்பாதே.

அருள் சித்தப்பா: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கிறது. படகு சும்மாதான் நிற்கிறது. அதுவரை நானே பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். எத்தனை மணிக்கு?

ஜெனி: நாலரை சித்தப்பா.

அருள் சித்தப்பா: நாலரையா? இந்த இரண்டு மாதமாவது விடிந்தபின் எழலாம் என்றிருந்தேன். ஐந்தாக்கச் சொல் உன் பயிற்சியாளரிடம்.