பஜாஜ் சேத்தக் 2 ஸ்ட்ரோக்: ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) இறங்கல, உதவி தேவை

பல வருஷம் சும்மா நின்ன வண்டி, 145 சிசி. டேங்க்ல துரு எடுத்தாச்சு. பெட்ரோல் காக் (திறந்து மூடுற குழாய்), ட்யூப் புதுசு. கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போற சின்ன துளைகள்) எல்லாம் ஊதியாச்சு. இக்னிஷன் பாயிண்ட் கேப் 0.4 மி.மீ., பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி 2டி (2 ஸ்ட்ரோக்) ஆயில். ரெண்டே உதையில ஸ்டார்ட் ஆகுது.

ஆனா சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது. சோக் இழுத்தாதான் அடங்குது. கேபிள் ஃப்ரீ, கார்புரேட்டர் கேஸ்கெட்டும் மாத்தியாச்சு. அப்போ மேக்னெட் (ஃப்ளைவீல்) பக்க ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்டைச் சுத்தி அடைக்கிற ரப்பர் வளையம், காய்ஞ்சு காத்து இழுக்குதுன்னு சந்தேகம். வெள்ளைப் புகை இல்ல, கியர் ஆயிலும் குறையல. அதனால கிளட்ச் பக்க சீல் இப்போதைக்கு நல்லா இருக்குன்னு நினைக்கிறேன்.

மேக்னெட்டைக் கழட்டி அந்த ஒரு சீலை மட்டும் மாத்தினா போதுமா, இல்ல இன்ஜினைப் பிரிச்சு ரெண்டையும் மாத்திடலாமா? (மேக்னெட்டைக் கழட்டுற புல்லர் இருக்கு, சுத்தியல் வைத்தியம் வேண்டாம்!) எத்தனால் பெட்ரோல் தாங்குற விட்டான் (ஒரு வகை ரப்பர்) சீல் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல கிடைக்குமா?