புதுப்பிப்பு: ரப்பர் தோட்டத்தில் பிடித்த தீ

குலசேகரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள், அடுத்த விளைக்காரர் சருகுக்குத் தீ வைத்துவிட்டு சாப்பிடப் போன நேரத்தில் கருகியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். 'வேணும்னு செய்யல, காத்து அடிச்சுது, நான் என்ன செய்ய?' என்றார் அவர்.

வக்கீலைப் பார்த்தேன். வேண்டுமென்றே வைத்த தீ இல்லை, சரி, ஆனால் எரிகிற தீயைப் பார்க்க ஆளில்லாமல் விட்டதே கவனக்குறைவு, அதனால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், 3 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்றார். தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்தோ காயமோ வரும்படி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 287-வது பிரிவும் உண்டு, 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அதனால் என் மரத்துக்குப் பணம் வராது, அதற்கு சிவில் வழக்குத்தான் வழி.

தீயணைப்பு நிலையத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று மரம் மரமாகப் படம் எடுத்தேன், பட்டை வெடித்து பால் கறுப்பாக வடிந்து சிரட்டைக்கு வெளியே உறைந்து கிடக்கிறது, பார்க்கவே முடியவில்லை. அப்பா வைத்த மரங்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறோம், அந்த விளைக்கார அண்ணன் பேசித் தீர்க்க வந்தால் நான் தயார்தான்.