பிழைக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவரின் வாழ்வை எதைக் கொண்டு அளப்பது?

திருப்பாதிரிப்புலியூரான்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் அப்பாவின் தலைத்திவசம் நடந்தது. பந்தியில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர், "தங்கமான மனுஷன், ஆனா பிழைக்கத் தெரியாதவர்" என்றார். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் தலையசைத்தார்கள். அந்த "ஆனா" அன்றிலிருந்து என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அப்பா 1982 முதல் 2013 வரை மளிகைக் கடை நடத்தினார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. எங்கள் தெருவில் மெழுகுவர்த்தியின் விலை ஒரே நாளில் ஏறியது. அப்பா பழைய விலைக்கே விற்றார்; கையில் காசு இல்லாமல் வந்தவர்களுக்குப் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கைக் கொடுத்தார்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 2012 ஜனவரிப் பக்கங்களில் பெயர் இருக்கிறது, சரக்கு இருக்கிறது, ஆனால் தொகை எழுத வேண்டிய வலப்பக்கம் முழுவதும் காலியாக இருக்கிறது. மறந்து விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் டிசம்பர்ப் பக்கங்களில் ஐம்பது பைசா வரை எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி கழுத்தை நெரிக்க, கடையை மூடிவிட்டார்.

அன்பை அளவுகோலாக வைத்தால் அவர் வாழ்ந்தது வெற்றி பெற்ற வாழ்க்கை என்று நான் நம்புகிறேன். பெற்ற மகன் என்பதால் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேனா என்பதை, அவரை அறியாத நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாகூர் வாசகி:

ஐயா, உங்கள் அப்பாவின் மீது மரியாதை வைத்தே இதைக் கேட்கிறேன். கடை மூடியபோது உங்கள் அம்மாவின் கழுத்தில் என்ன இருந்தது?

என் அப்பாவும் இப்படித்தான். கேட்டவர்க்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஊரில் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. இன்றைக்கும் பாகூர்க் கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். ஆனால் என் அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு பதினோரு ஆண்டுகள் இருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். ஊர் புகழ்ந்த அந்தக் கருணைக்கு விலை கொடுத்தவர் அவர்தான், ஆனால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவருடைய அன்பை அளப்பதென்றால், வாசலுக்கு வெளியே நின்று கை நீட்டியவரை மட்டும் கேட்டு அளப்பது நியாயமாகாது. அடுப்படியில் இருந்தவரையும் கேட்க வேண்டும்.

ஞானசபை வழிப்போக்கன்:

அம்மா சொல்வதில் உள்ள நியாயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து, அன்பு என்றாலே வீட்டைக் கவிழ்ப்பது என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23ஆம் தேதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வந்தவர் யார், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். நான் அங்கே பல நாள் காய் நறுக்கியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால், அந்தக் கருணைக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது தெரியும். அரிசி மூட்டைகளை எண்ணி வைக்கிறார்கள், விறகை அடுக்கி வைக்கிறார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்துத்தான் உலை வைக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். தைப்பூசத்துக்கு அரிசியும் காய்கறியும் ஊர் ஊராக வந்து இறங்குகின்றன. பசியாற்றுவதை ஜீவகாருண்யம் என்று வாழ்வின் தலையாய ஒழுக்கமாக வைத்தவர், அதைத் தன் ஒருவர் தோளில் சுமக்காமல் ஒரு சாலையாக அமைத்துவிட்டுப் போனார். அதனால்தான் அது 150 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

உங்கள் அப்பாவிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பார்வதிபுரம் இல்லை, அவ்வளவுதான். தெருவே அவரிடம் கடன் வாங்கியது, ஆனால் அவருக்குப் பாக்கி வந்தபோது தெருவில் ஒருவரும் கடைப் பக்கம் வரவில்லை என்றால், தோற்றது யார் என்பதை அந்த உறவினரிடம்தான் கேட்க வேண்டும்.

இரவுப் பணி:

புதுச்சேரியில் செவிலியராக இருக்கிறேன். கடைசிக் காலத்தில் ஒருவருக்கு யார் வந்து உட்காருகிறார்கள் என்பதை வைத்து அவர் வாழ்க்கையை எடைபோடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மிக நல்லவர்கள் தனியாகக் கிடந்ததையும், வாழ்நாளெல்லாம் பிறரை நோகடித்தவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நின்றதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், வலியிலும் ஒருவர் தன் படுக்கையைத் துடைக்க வரும் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறார் என்பது. அந்த நேரத்தில் யாராலும் நடிக்க முடியாது.

திருப்பாதிரிப்புலியூரான்:

மூவருக்கும் நன்றி. பாகூர் அம்மாவின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று மாலை அம்மாவிடம் கேட்டேவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சங்கிலியை நான்தான் கழட்டிக் குடுத்தேன். அவர் கேக்கல. அதுல எனக்கு வருத்தம் இல்லை. கடையை மூடப் போறத மூணு மாசம் என்கிட்ட சொல்லாம வெச்சிருந்தார் பாரு, அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறல."

பிறகு நோட்டை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜனவரிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். "கூரை வீட்டு அக்கா, பால் பவுடர் 1, மெழுகுவர்த்தி 4, தீப்பெட்டி 2" என்று எழுதியிருந்தது. தொகை இல்லை. இத்தனை மாதங்களாக அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது அப்பாவின் கையெழுத்து அல்ல என்பதை நேற்றுதான் கவனித்தேன்.